ஒப்படைத்த சுமை

விமான நிலையத்துக் கவுண்டரில் நாம் பெட்டியை எடை மேடைமீது தூக்கி வைக்க, அங்கிருப்பவர் அதன் கைப்பிடியில் நீண்ட வெள்ளைச் சீட்டொன்றைச் சுற்றி ஒட்ட, பெட்டி மெல்ல நகர்ந்து, தொங்குகிற கறுப்பு ரப்பர்த் திரையை விலக்கிக்கொண்டு கண்ணுக்குப் புலப்படாத இடத்திற்குப் போய் மறைகிற அந்த ஒரு கணத்தில், பிரயாணிகளில் பெரும்பாலோர் தம்மை அறியாமலே ஒருமுறை எட்டிப் பார்ப்பதைப் பல தடவை கவனித்திருக்கிறேன். நானும் அப்படிப் பார்த்தவர்களில் ஒருவனே. கையிலிருந்த பாரம் போய்விடுகிறது. ஆனால் அது மனத்திலிருந்து போவதில்லை.

நம் வைணவப் பெரியோர்கள் சரணாகதிக்கு வழங்கிய பெயர்களுள் பரந்யாஸம் என்பது ஒன்று. பரம் என்பது சுமை; ந்யாஸம் என்பது வைத்தல். தன்னைக் காக்கும் பொறுப்பாகிய சுமையைத் தன் தலையிலிருந்து இறக்கி இறைவன் திருவடியில் வைத்துவிடுதலே அது. அதற்கே ஆத்ம நிக்ஷேபம் என்றும் ஒரு பெயர் உண்டு. நிக்ஷேபம் என்னும் சொல்லோ உலக வழக்கில், ஒருவர் மற்றொருவரிடம் காப்பதற்காகக் கொடுத்து வைக்கும் பொருளைக் குறிப்பது. ஒப்படைத்தல் என்னும் சாமானியமான உலகச் செயலிலிருந்துதான் நம் முன்னோர் ஆன்மிக வாழ்வின் மிக உயர்ந்த நிலைக்குப் பெயர் எடுத்தார்கள் என்றால், அந்த உயர்ந்த நிலையின் ஒளியைக் கொண்டு இந்தச் சாமானியச் செயலைத் திரும்பிப் பார்ப்பதும் தகும். ஒன்றை ஒப்படைக்குமுன் நாம் செய்யக் கடவது யாது? ஒப்படைத்தபின் நம் பொறுப்பாக எஞ்சுவது யாது? என் பெட்டி ஒன்று காணாமற்போயிருந்த ஆறு நாட்களில் இவை எனக்கு ஏட்டளவான கேள்விகளாக இருக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்தில், லண்டனில் வசிக்கும் என் தங்கையின் வீட்டிற்குப் புறப்பட்டேன். சென்னையில் ஏறி, வளைகுடா நாட்டு நகரம் ஒன்றில் இறங்கி, வேறு விமானம் மாற வேண்டும். இரண்டுக்கும் இடையே இருந்த அவகாசம் ஒரு மணி பத்து நிமிஷம். காலமான எங்கள் தாயார் நாற்பது மார்கழிகளாகத் தம் கைப்பட எழுதிவந்த குறிப்பேடு ஒன்று என்னிடம் இருந்தது. நீலத் துணி அட்டை போட்டது. ஓரங்களில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்தது. கோலங்களின் புள்ளிக் கணக்கு, அந்தந்த நாளின் நைவேத்தியம், உபந்நியாசத்தில் பாசுரத்திற்குக் கேட்ட பொருள், இடையிடையே பால் கணக்கு என எல்லாம் அதில் கலந்திருக்கும். "ஒரு தடவை கையிலே வெச்சுப் பாக்கணும் அண்ணா" என்று தங்கை கேட்டிருந்தாள். கைப்பை கனக்கிறது என்பதற்காக, அவளுக்கென்று வாங்கிய புடவைகளுக்கு நடுவில் இருந்தால் பத்திரமாகத்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்தேன்.

லண்டனில் பெல்ட் சுற்றிச் சுற்றி வந்தது. என்னுடன் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் உரியவர் இல்லாத குழந்தை வண்டி ஒன்று மட்டும் நாலைந்து சுற்று வந்துகொண்டிருக்க, பிறகு பெல்ட் நின்றது. பெட்டி வரவில்லை. அங்கே மேஜையில் இருந்த பெண்மணி என் சீட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பெட்டியின் நிறம், அளவு, உள்ளிருந்த பொருள்கள் யாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதி, அடையாள எண் இட்ட காகிதம் ஒன்றைத் தந்தார். ஆறாம் நாள் மாலை பெட்டி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்த மனிதர், பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த விரலகலச் சீட்டொன்றைச் சுட்டிக் காட்டினார். முந்தின ஆண்டு கோயமுத்தூர் போய்வந்தபோது ஒட்டியது. நான் கிழிக்காமல் விட்டது. ஒரே பெட்டியில் இரண்டு எண்கள் இருந்தால் இயந்திரம் எதை நம்பும் என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த வெள்ளைச் சீட்டை, எல்லோரும் 'டேக்' என்று சொல்லும் அதை, அதன்பின்தான் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். இறங்கும் ஊரின் குறியாக மூன்று பெரிய எழுத்துக்கள்: சென்னைக்கு எம்.ஏ.ஏ.; திருச்சிக்கு டி.ஆர்.இசட்.; லண்டன் ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர். அதனுடன் கோடுகளாலான அடையாளம் ஒன்று. அதன் பக்கத்தில் 10 இலக்கங்கள். அவற்றுள் முதல் இலக்கத்தை அடுத்த மூன்றும் இன்ன விமானக் கம்பெனி என்பதைச் சொல்ல, கடைசி ஆறும் அந்தப் பெட்டிக்கே உரிய வரிசை எண்ணாகும். ரப்பர்த் திரைக்கு அப்பால் பெட்டிக்கு நிறமும் இல்லை, சொந்தக்காரனும் இல்லை. நாமமும் ரூபமும் நீங்கி அந்த எண் ஒன்றே எஞ்சுகிறது. வளைந்து வளைந்து ஓடும் பட்டைகளின் திருப்பந்தோறும் ஒளிக்கண் ஒன்று அந்தக் கோடுகளைப் படித்து, இது இந்த வண்டிக்கு, அது அந்த வண்டிக்கு என்று பிரித்தனுப்புகிறது. சீட்டு கிழிந்தாலோ, மடிந்து மறைந்தாலோ, பழைய சீட்டு ஒன்று குறுக்கே நின்று பேசினாலோ, பெட்டி ஓரமாக ஒதுக்கப்பட்டு ஒரு மனிதக் கை வந்து தொடும்வரை காத்துக் கிடக்கிறது.

இப்படிப் பெட்டி தவறுவதை விதி என்று சொல்லிவிடுவது எளிது. 2007ஆம் ஆண்டில் உலகெங்கும் 1,000 பிரயாணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தாமதமாகவோ, சேதமுற்றோ, தவறியோ போயின. 2024ஆம் ஆண்டில் அந்தத் தொகை ஆறு சொச்சமாகக் குறைந்திருக்கிறது. அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை சில நாட்களில் உரியவரை அடைந்துவிடுகின்றன. பிரயாணியின் கையிலிருந்து பெறும்போதும், விமானத்தில் ஏற்றும்போதும், ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதும், மீண்டும் பிரயாணியிடம் சேர்ப்பிக்கும்போதும் ஆக நான்கு இடங்களில் ஒவ்வொரு பெட்டியையும் குறித்து வைக்க வேண்டும் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் விதித்த நியமம் 2018 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. இன்றும் தவறும் பெட்டிகளில் பத்துக்கு நான்கு பங்கு, விமானம் மாறும் இடத்தில்தான் தவறுகின்றன. ஆகவே இடையில் போதிய அவகாசம் வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுகிறவன் விதியோடு மல்லுக்கு நிற்கவில்லை. தன்னால் ஆன பங்கைச் செய்கிறான். திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தவர். இரண்டையும் ஒரே நூலில் வைத்த அந்தப் பெருமகனாருக்கு இவற்றிடையே முரண்பாடு தோன்றவில்லை. நமக்கு மட்டும் ஏன் தோன்றுகிறது?

முயற்சிக்கும் சரணாகதிக்கும் உள்ள உறவைப் பற்றி நம் தமிழ்நாட்டில் நடந்ததைப் போன்ற ஆழமான விவாதம் வேறெங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகமே. அவ்விவாதத்தின் இரு தரப்புக்கும் முறையே இரண்டு உவமைகள் சொல்வார்கள். தாய்க்குரங்கின் வயிற்றைக் குட்டி தன் கைகளால் இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியோ எதுவும் செய்வதில்லை, தாயே அதைக் கவ்விக்கொண்டு போகிறது. வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார், இறைவன் கருணை செய்வதற்கு ஜீவனிடம் ஒரு வியாஜமேனும், ஒரு சிறு முகாந்தரமேனும் இருக்க வேண்டும் என்பர். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார், காப்பது முழுவதும் காப்பவன் செயலே, காக்கப்படுவது இடையில் புகுந்து எதையும் செய்ய வேண்டுவதில்லை என்பர். இம்மகத்தான தத்துவ விவாதத்தைப் பிரயாணப் பெட்டியோடு சேர்த்துப் பேசுவது சிறுமை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் கொண்டு மோட்ச சாதனத்தை விளக்கிய ஆசாரியர்கள், கண்ணெதிரே உள்ள சிறிய வஸ்து எதையும் சிறுமையாக எண்ணவில்லை. என் அனுபவத்தில் கண்டது இதுதான்: ரப்பர்த் திரை வரையில் நாம் குரங்குக் குட்டி, திரைக்கு அப்பால் பூனைக் குட்டி. எங்கே பற்ற வேண்டுமோ அங்கே பற்றாமல் விட்டு, எங்கே விட வேண்டுமோ அங்கே மனத்தால் பற்றிக்கொண்டு திரிவதே நம் துன்பத்திற்குக் காரணம்.

இஸ்லாமிய மரபிலும் இதே உண்மை ஓர் ஒட்டகத்தைக் கொண்டு உணர்த்தப்படுகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமல் விட்டுவிட்டு நம்புவதா என்று கேட்டு வந்தவருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பிறகு நம்பும்படி நபிகள் நாயகம் வழிகாட்டியதாக ஹதீஸ் கூறுகிறது. தவக்குல் என்று அவர்கள் சொல்லும் அந்த முழு நம்பிக்கை, கயிற்றின் முடிச்சுக்குப் பிறகே தொடங்குகிறது.

இங்கே துறவு மனம் படைத்த ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: இறுதிப் பயணத்தில் எதுவும் உடன் வராது என்று அறிந்தவனுக்கு, இந்த இடைப் பயணத்துப் பெட்டியைப் பற்றி ஏன் இத்தனை அக்கறை? திகம்பர சமணத் துறவியர் மயிற்பீலியும் கமண்டலமும் சாத்திர நூலும் தவிர வேறொன்றும் கொள்ளாமல் வாழ்வதையும், பௌத்த பிக்குவுக்கு விதிக்கப்பட்ட உடைமைகள் எட்டே என்பதையும் அவர் எடுத்துக் காட்டலாம். நியாயமான கேள்வியே. ஆனால் அந்த உதாரணங்களையே சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பிக்குவின் எட்டுப் பொருள்களில் ஊசி ஒன்று. கிழிந்த சீவர ஆடையை அவர் தம் கையாலே தைத்து அணிய வேண்டும். நீரை வடிகட்டும் துணி ஒன்று. சிற்றுயிரும் தம்மால் மடியாதபடி வடித்தே பருக வேண்டும். அபரிக்கிரகம் என்னும் விரதம் பொருளைக் குறைக்கச் சொன்னதேயன்றி, உள்ள பொருளிடம் அசிரத்தையாக இருக்கச் சொல்லவில்லை. பற்று வேறு, கவனம் வேறு. பற்று, பொருள் நம்மை விட்டுப் போகுமோ என்று அஞ்சுவது. கவனம், பொருளுக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு அமைதியாக இருப்பது. பற்று மிகுந்தவனே பெட்டியைப் புடைக்கப் புடைக்க நிரப்பி, பூட்டுத் தெறிக்க மூடி, பெயர் எழுத மறந்து போகிறான்.

வேதாந்தம் கற்கப் புகுவோனுக்கு முதல் தகுதியாகச் சொல்லப்படுவது நித்தியாநித்திய வஸ்து விவேகம். நிலையானது எது, நிலையற்றது எது என்று பகுத்தறியும் ஆற்றல். பயணத்திற்கு முன்னிரவு, கட்டிலின்மேல் பொருள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, இது பெரிய பெட்டிக்கு, இது கைப்பைக்கு என்று பிரிக்கும் வேலையில் அந்த விவேகத்தின் சிறு பயிற்சி அடங்கியிருக்கிறது. துணி போனால் துணி வாங்கலாம். பாத்திரம் போனால் பாத்திரம் வாங்கலாம். அன்றாடம் உண்ணும் மருந்து, பட்டச் சான்றிதழ், வீட்டுச் சாவி, நகை ஆகியவற்றை ஒருபோதும் திரைக்கு அப்பால் அனுப்பலாகாது. ஆனால் இந்தப் பிரிவினையில் நான் அறியாமற்போன இன்னொரு வகை உண்டு. அது என்னுடையதே அல்லாத பொருள். என் தாயாரின் குறிப்பேடு எனக்குச் சொந்தமன்று. எங்கள் குடும்பத்துக்கு உரியதை என்னிடம் வைத்திருந்தார்கள். அடைக்கலமாக என்னிடம் இருந்ததை நான் மறுபடியும் வேறொருவரிடம் அடைக்கலம் வைத்தேன். அதுவும் கை வலிக்கிறது என்பதற்காக வைத்தேன். பெட்டி திரும்பி வந்தது. அந்தத் தவறு என் மனத்தில் இன்னும் தவறாகவே இருக்கிறது.

அடைக்கலம் என்னும் சொல்லின் கனத்தைத் தமிழன் சிலப்பதிகாரத்தில் கற்றிருக்க வேண்டும். மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை இடையர் குலத்து மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கே அடைக்கலக் காதை என்று இளங்கோவடிகள் பெயர் வைத்தார். கோவலன் கொலையுண்டதில் மாதரிக்குப் பங்கு ஒன்றுமில்லை. ஆயினும் தன்னிடம் வைத்த அடைக்கலத்தைக் காக்க முடியாமற்போனதைத் தாங்காமல் அவள் தீயில் விழுந்து உயிர் துறந்தாள். ஒப்படைத்த கவுந்தியும் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். கொடுத்தவர், பெற்றவர் ஆகிய இருவரையும் அந்த ஒரு சொல் கட்டியிருந்தது.

இக்காலத்துச் சட்டமும் தன் பாஷையில் இதையே சொல்கிறது. 1999ஆம் ஆண்டு மாண்ட்ரீல் நகரில் ஏற்பட்டு, 2009 முதல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டிருக்கும் உடன்படிக்கையின்படி, கவுண்டரில் ஒப்படைத்த பெட்டி கம்பெனியின் பொறுப்பில் இருக்கும்போது தொலைந்தால், அவர்கள்மேல் குற்றம் உண்டா இல்லையா என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பெற்றுக்கொண்டதனாலேயே அவர்கள் பொறுப்பாளிகள். நம் கையில் வைத்துக்கொண்ட பைக்கோ, அவர்கள் தவறு செய்திருந்தால்தான் பொறுப்பு. வரவேண்டிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் வராத பெட்டி தொலைந்ததாகவே கருதப்படும். சேதமுற்ற பெட்டிக்கு, அதைப் பெற்ற 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஈட்டுத் தொகைக்கும் ஓர் எல்லை உண்டு: 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பிரயாணிக்குப் பன்னாட்டு நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்புரிமை அலகில் 1,519. அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள் உள்ளே இருந்தால், ஒப்படைக்கும்போதே அதை வெளிப்படையாக அறிவித்து, கேட்டால் அதற்குரிய கட்டணமும் செலுத்த வேண்டும். ஒப்படைப்பவன் உண்மையை மறைத்தால், பெறுபவனின் தர்மமும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது.

ஒப்படைப்பவனுக்கு மற்றொரு கடமையும் உண்டு. அது பெருந்துயரம் ஒன்றின் பின்னரே உலகுக்கு உறைத்தது. 1985 ஜூன் 23ஆம் தேதி, கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா 182ஆம் எண் விமானம் அயர்லாந்துக்கு அப்பால் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறி, அதிலிருந்த 329 பேரும் மாண்டார்கள். வான்கூவர் நகரில் ஒருவன் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, தான் ஏறாமல் நின்றுவிட்டான். வெடிகுண்டு அந்தப் பெட்டியில் இருந்தது. பிரயாணி ஏறவில்லையென்றால் அவன் பெட்டியையும் இறக்கிவிட வேண்டும் என்னும் விதி அதன்பின் வலுப்பெற்றது. புறப்படும் நேரத்தில் யாரோ ஒருவர் வராததற்காக விமானம் நிற்க, அவருடைய பெட்டியைத் தேடி இறக்கிக்கொண்டிருக்கும்போது, தாமதத்தைக் குறித்து முணுமுணுக்கிறவர்கள் இதை நினைவுகூர வேண்டும். ஒப்படைத்தவன் தானும் உடன் வரவேண்டும். எறிந்துவிட்டுப் போவதற்கும் இறக்கி வைப்பதற்கும் உள்ள வேற்றுமை அதுதான்.

லண்டனில் அந்த ஆறு நாட்களும் நான் தங்கையிடம் சரியாக முகங்கொடுத்துப் பேசவில்லை. அவளோ ஒரு நாளும் கடிந்து பேசவில்லை. நான்காம் நாள் விடியற்காலை, மார்கழிக் குளிரில் சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் குறிப்பேட்டில் எந்த நாளுக்கு எந்த நைவேத்தியம் என்று தனக்கு நினைவிருந்த வரையில் ஒரு காகிதத்தில் எழுதத் தொடங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முப்பதில் இருபத்திரண்டு நாட்கள் தேறின. பெட்டி வந்தபின் ஒப்பிட்டுப் பார்த்தோம். மூன்று இடங்களில்தான் தவறியிருந்தோம். எது தொலையும், எது தொலையாது என்பதை அன்று ஓரளவு உணர்ந்தேன். ஆனால் அந்த உணர்வு என் கவனக்குறைவுக்கு மன்னிப்புச் சீட்டாகாது என்பதையும் உணர்ந்தேன்.

அண்மையில் திருச்சி விமான நிலையத்தில், வேலைக்காகத் துபாய்க்குத் திரும்பும் இளைஞர் ஒருவர் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். அவருடைய சாமான் ஓர் அட்டைப் பெட்டி. அதை வெள்ளைத் துணியால் சுற்றி, கோணி ஊசியால் நெருக்கமாகத் தைத்து, ஆறு பக்கங்களிலும் பெயரும் தொலைபேசி எண்ணும் போய்ச் சேரும் ஊரும் கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். "அம்மா தைச்சதுங்க ஐயா, உள்ளேயும் மேலாப்பல ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்கு" என்றார். விலை உயர்ந்த பெட்டிகள் பல முன்னும் பின்னும் நின்றன. அவற்றில் ஒன்றிலும் பெயர் இல்லை. அவர் தோளில் தொங்கிய துணிப்பையில் மருந்துப் பொட்டலம் ஒன்று தெரிந்தது. "ரூம்ல இருக்கிற அண்ணனோட மாத்திரைங்க. டாக்டர் சீட்டோட வாங்கிட்டுப் போறேன். நம்ம பொருள் இல்லீங்களே, அதான் கையிலயே வெச்சுக்கிட்டேன்" என்று அவர் சொன்னபோது, ஆறு நாள் துன்பப்பட்டு நான் கற்ற பாடத்தை அவர் எளிதாகச் சொல்லிவிட்டதை அறிந்தேன்.

அவர் முறை வந்தது. டேக்கில் இருந்த மூன்று எழுத்துக்களையும் தம் டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அடிச்சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அட்டைப் பெட்டி நகர்ந்து ரப்பர்த் திரையை நோக்கிப் போயிற்று. அவர் அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். அது திரைக்குள் மறைகிறவரையில் நான்தான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.